கூத்துக்களத்தில் ஒரு வில்லை



தெருக்கூத்து இரவெல்லாம் நிகழ்ந்து விடியலில் முடிவது. அதனைப் படம்பிடிக்கும் ஒளிப்படக் கலைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் கையில் 55 முதல் 250 மில்லிமீட்டர் வரை நீளும் எளிய சூம் லென்ஸ் உள்ளது. துரியோதனன் சுழன்றாடும்போது முகம் புகையெனக் கலைந்துவிடுகிறது. ஃபிளாஷ் அடித்தால் கூத்தின் இரவே கெட்டுவிடும். ஆடுவோர் கண்ணும் கூசும். பல மாத வருவாயை விழுங்கும் 70-200, எஃப் 2.8 வில்லையைக் கடன்பட்டேனும் வாங்கலாமா என்பதே அவர் கவலை.

அவ்விலைக்குக் காரணம் உண்டு. குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவதே எஃப் எண். 200 மில்லிமீட்டரில் எஃப் 5.6-க்கு 36 மில்லிமீட்டர் அகலம் போதும், எஃப் 2.8-க்கோ 71 வேண்டும். கண்ணாடி பெருக்கிறது, எடை ஒன்றரைக் கிலோவை நெருங்குகிறது. ஈடாகக் கிடைப்பது நான்கு மடங்கு ஒளி. நொடியில் 60-இல் ஒரு பங்கில் எடுத்த படத்தை 250-இல் ஒரு பங்கில் எடுக்கலாம். சுழலும் பாவாடை அப்போதும் கலங்கலாம்; முகம் பெரும்பாலும் தெளியும். வில்லையில் உள்ள அதிர்வுத் தடுப்பு இதற்கு உதவாது. அது எடுப்பவர் கைநடுக்கத்தைத்தான் அடக்கும், துரியோதனனை அன்று!

ஆயினும் கடைக்குச் செல்லுமுன் அவர் தம் பழைய படங்களை ஆராய வேண்டும். (கவிஞர்களும் புதிய அகராதி வாங்குமுன் இதைச் செய்யலாம்.) எந்தக் குவியத் தூரத்தில், எவ்வளவு வேகத்தில் எடுத்தது என்பதை டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும் தன்னுள் பதிந்து வைத்திருக்கிறது. பெரும்பாலானவை 100-க்குள் அடங்கினால், 85 மில்லிமீட்டர், எஃப் 1.8 நிலைவில்லையே தக்கது. விலை மிகக் குறைவு, எஃப் 2.8-ஐவிட இரு மடங்குக்கும் மேல் ஒளி தரும். கூத்தில் மக்கள் தரையில் அமர்வதால், முன்வரிசைச் சிறுவரோடு அவரும் அமர்ந்துகொள்ளலாம். குறையும் உண்டு: கண் தெளிந்தால் புஜகீர்த்தி மங்கும், ஆடுபவர் அருகே வந்துவிட்டால் பின்வாங்க இடமிராது.

படங்கள் பெரிதும் 200-ஐ ஒட்டியே இருந்து, நெருங்கி அமரவும் வழியில்லையெனில், பெரிய வில்லை நியாயமே. அப்போதும் முதலில் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுப்பது நன்று. அந்த எடையை விடியும்வரை கை தாங்குமா என்பதைக் கடைக்காரர் சொல்ல இயலாது.