குறிஞ்சிக்கு வந்த லீலாவதி

 

குறிஞ்சி என்றதும் புணர்தலும் புணர்தல் நிமித்தமும் புலவர் நெஞ்சில் எழும். அத்திணைக்குத் தெய்வம் முருகன். அவனுடைய மணங்கள் இரண்டு. தெய்வயானை மணம், கொடுப்போர் கொடுக்க நிகழ்ந்த கற்பு மணம். வள்ளி மணம், தினைப்புனத்தில் களவாய் மலர்ந்த மணம். வள்ளியை மணந்த பெருமானை ஈழம் கதிர்காமத்தில் போற்றுகிறது. அந்த ஈழத்தில் மணவாழ்வு கண்டு, பழனிமலைத் தொடரின் மேல் அப்பெருமானுக்குக் கோயில் எடுத்த அம்மையாரைப் பற்றியதே இவ்வுரை.

கொடைக்கானல் ஏரியிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குறிஞ்சி ஆண்டவர் திருக்கோயில். 1936இல் இதனை எழுப்பியவர் லீலாவதி இராமநாதன். ஐரோப்பிய வழிவந்த இவரது குடும்பப் பெயர் ஹாரிசன். ஈழத்துக்கு வந்து, சைவநெறி தழுவி, லீலாவதி எனப் பெயர் பூண்டு, சேர் பொன்னம்பலம் இராமநாதனின் இரண்டாம் துணைவியானார். இராமநாதனின் முதல் மனைவி செல்லாச்சி அம்மையார். முன்னது குலமும் ஊரும் அறிந்த மணம். பின்னது கடலும் சமயமும் கடந்த மணம்.

இராமநாதன் (1851–1930) எளிய மனிதர் அல்லர். சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். 1911இல் படித்த இலங்கையர் தொகுதியில் வென்று சட்டசபை சென்றவர். அத்தகையோர் நிழலில் ஒரு பெண் ஒடுங்கிவிடுவது எளிது. லீலாவதி ஒடுங்கவில்லை. யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824இலேயே பெண்களுக்குப் பள்ளி நிறுவியிருந்தது. சைவச் சிறுமியர் தம் சமயத்தோடு கல்வி பெற, 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் மகளிர் கல்லூரி எழுந்தது. கணவர் மறைவுக்குப் பின்னும் அக்கல்லூரிப் பணியை அவர் தாங்கினார்.

இங்கு ஒரு வரலாற்றுப் பொருத்தம் கருதத்தக்கது. மதுரை அமெரிக்க மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளைத்தது. அதன் பாதிரிமார் 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினர். யாழ்ப்பாணத்திலிருந்து தமிழகம் வந்த அயலவர் குடியமைத்த மலையில், யாழ்ப்பாணத்து மருமகளான மற்றோர் அயலவர் முருகனைக் குடியமர்த்தினார்! முன்னவர் தம் சமயத்தைக் கொண்டுவந்தனர். பின்னவர் தாம் ஏற்ற சமயத்தைக் கொண்டுவந்தார்.

கைம்பெண் மூலையில் அமர்வதே முறை எனக் கருதப்பட்ட காலம் அது. கணவர் மறைந்த ஆறாம் ஆண்டில் இவர் கோயில் எடுத்தார். மணத்தால் வந்த உறவு மரணத்தோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அவர் மணந்தது ஒரு மனிதரை மட்டுமன்று. ஒரு மொழியின் தெய்வத்தை, ஒரு திணையின் வாழ்வையும் தமதாக்கிக் கொண்டார்.

இன்று அக்கோயில் பழனித் தேவஸ்தானத்தின் பொறுப்பில் உள்ளது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து வடக்கே பழனியும், தெற்கே 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையும் தெரியும். பழனியில் துறந்து நிற்கும் ஆண்டி. அந்த ஆண்டியை நோக்கிய மலையில், இல்லறத்தை இழந்த ஒருவர் கட்டிய கோயில்.

ஆயினும் ‘லேடி இராமநாதன்’ என்ற கணவர் பெயரே அவருக்கு நிலைத்தது. பிறந்த பெயரும் பூண்ட பெயரும் பின்னுக்குப் போயின. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக் குறிஞ்சி 2018இல் பூத்தது. இனி 2030இல் பூக்கும். பூவைப் பாடக் கவிஞர் பலர் வருவர். லீலாவதி என்ற பெயரையும் அவர்களுள் ஒருவரேனும் பாடுக.

வாழ்க தமிழ்!