வலைதளம் இருந்தது, விலாசம் போய்விட்டது

(கல்வி உதவி பெறும் மாணவர்களின் பெற்றோருக்காக அறக்கட்டளை அரங்கில் நடந்த நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்டர்நெட், ஹோஸ்டிங் என்று தலைப்பைப் பார்த்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். நியாயம்தான். இந்த விஷயத்தில் நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம்.

சென்ற ஷஅபான் மாதம், நோன்புக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது குவைத்திலிருந்து நம்மூர்ச் சகோதரர் ஒருவர் போன் செய்தார். "ஜகாத் அனுப்பலாமென்று நம் வலைதளத்தைத் திறந்தேன், சூதாட்ட விளம்பரமாக வருகிறதே, என்ன இது?" என்றார். எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. நாள்காட்டி, ரசீது, உண்டியல் எல்லாவற்றிலும் அந்த முகவரியைத்தான் அச்சடித்திருந்தோம். யாரோ உள்ளே புகுந்து களவாடிவிட்டார்கள் என்றே நினைத்தோம். விசாரித்தால் களவும் இல்லை, ஒன்றும் இல்லை. நம் படங்கள், விண்ணப்பப் படிவங்கள், வரவு செலவுக் கணக்குகள் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. பெயர் மட்டும் கைமாறிவிட்டது.

அதெப்படி என்று விளங்கிக்கொள்ளச் சில சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்.

வலைதளம் என்பது ஆகாயத்தில் மிதக்கும் பொருள் அல்ல. கிளவுட், மேகம் என்றெல்லாம் சொல்கிறார்கள். அதுவும் எங்கோ ஒரு கட்டடத்தில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள்தான். அப்படி ஓடும் கணினிக்கு சர்வர் என்று பெயர். நம் பக்கங்களை அதில் வைத்துக்கொள்ள இடத்தை வாடகைக்கு எடுப்பதே ஹோஸ்டிங். நம் ஜமாஅத் கடை வரிசையை நினைத்துப் பாருங்கள். பத்துக் கடைக்கு மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. ஓட்டல்காரர் காலையிலேயே தொட்டியைக் காலி செய்துவிட்டால் தையல்காரருக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. ஷேர்டு ஹோஸ்டிங் என்பது இதுதான். ஒரே சர்வரில் பலருடைய தளங்கள் இருக்கும், வாடகை குறைவு, பக்கத்துத் தளத்தில் கூட்டம் என்றால் நம்முடையது மெதுவாகத் திறக்கும். தனிக் கட்டடம் முழுவதையும் எடுப்பதுபோல ஒரு சர்வரையே எடுப்பது டெடிகேட்டட். நம்மைப் போன்றவர்களுக்கு அது தேவையில்லை. மாதத்தில் இத்தனை பேர் வந்து பார்க்கலாம், இவ்வளவு தகவல் போய்வரலாம் என்று போடும் அளவைப் பேண்ட்வித் என்கிறார்கள்.

ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் உண்டு. அதுதான் ஐபி முகவரி. பழைய முறையில் 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களைப் புள்ளி வைத்துச் சேர்த்து எழுதுவார்கள். அந்த முறையில் மொத்தமாக 429 கோடி எண்கள்தான் வரும். அது போதாமல்தான் இன்னும் நீளமான புது முறையும் வந்தது. இந்த எண்களை யாரால் மனப்பாடம் செய்ய முடியும்? அதனால் எண்ணுக்குப் பதில் பெயர். அதுவே டொமைன். பெயரைக் கேட்டு எண்ணைத் தேடிக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். 1983இல் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். ஊருக்குப் புதிதாக வருபவர் "இன்னார் வீடு எது?" என்று தெருமுனையில் கேட்டால் கைகாட்டி விடுகிறோமே, அந்த வேலைதான் அது.

ஆக, ஹோஸ்டிங் வேறு, டொமைன் வேறு. இரண்டு வாடகை, இரண்டு ரசீது. இரண்டும் ஒரே தேதியில் முடியும் என்ற கட்டாயமும் இல்லை. எங்களுக்கு இது தெரியாது.

தளத்தை அமைத்துக் கொடுத்தவர் நம் மஹல்லாத் தம்பி. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். கூலி வாங்கவில்லை. ஹோஸ்டிங் வாடகையை அறக்கட்டளைக் கணக்கிலிருந்து மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினோம். பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில்தான் வரும். "அது என் ஸதகாவாக இருக்கட்டும்" என்று தம் கைக்காசில் கட்டிவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ரசீது நம் ஃபைலுக்கு வராமல் போனதற்குக் காரணமும் அதுவே. பதிவு அவர் பெயரில், மின்னஞ்சல் அவருடைய கல்லூரி கொடுத்தது. படிப்பு முடிந்ததும் அந்த மின்னஞ்சலை மூடிவிட்டார்கள். தம்பி சபுருக்குப் போனார், போன் நம்பரும் மாறிப் போயிற்று.

டொமைன் பத்திரம் முடித்து வாங்கும் மனை அல்ல, குத்தகை. அதிகபட்சம் ஒரே சமயத்தில் 10 ஆண்டுக்குத்தான் தருவார்கள். பதிவு செய்து தரும் நிறுவனத்துக்கு ரெஜிஸ்ட்ரார் என்று பெயர். இந்தியாவின் 'இன்' என்று முடியும் பெயர்களை நிக்ஸி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. காம், ஆர்க் போன்றவற்றுக்கு உலக அளவில் விதி வகுப்பது ஐகான். தவணை முடிய ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகான் விதி. எங்களுக்கும் அனுப்பியிருப்பார்கள், மூடிப்போன அந்த மின்னஞ்சலுக்கு. தவணை முடிந்தாலும் உடனே போய்விடாது. ரெஜிஸ்ட்ரார் வழக்கமான கட்டணத்தில் சில நாள் அவகாசம் தருவதுண்டு. நிறுவனம் பெயரை விடுவித்த பிறகும் 30 நாள் உண்டு, ஆனால் மீட்கும் கட்டணம் பல மடங்கு. அதுவும் கழிந்தால் முந்துபவர் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் தூங்கியது இத்தனை வாய்ப்பையும் தாண்டி.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம், பகராவின் 282ஆவது, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். உண்டியல் சாவி யாரிடம் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதி வைக்கிறோம். இதை மட்டும் வாய்ப்பேச்சில் விட்டவர்கள் நாங்கள். தப்பு எங்களுடையது.

இதைவிடப் பயந்த விஷயம் ஒன்று உண்டு. டொமைன் யார் கையில் இருக்கிறதோ, அந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சலும் அவருக்குப் போகும்படி செய்யலாம். நம் வங்கிக் கணக்கில் கொடுத்திருந்தது அந்தப் பெயரில் அமைந்த மின்னஞ்சல்! அன்றே மேலாளரிடம் ஓடிப்போய் எழுதிக் கொடுத்து மாற்றினோம். பணம் எதுவும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

உங்களில் பலர் வீட்டிலிருந்து புர்கா, அத்தர், பிரியாணி மசாலா விற்கிறீர்கள். உம்ரா ட்ராவல்ஸ் நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். யாரிடமாவது வலைதளம் செய்யக் கொடுத்தால் பெயரைப் பதிவது உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போனில் இருக்கட்டும். சொந்தப் பிள்ளை செய்து தந்தாலும் அப்படியே. தவணைத் தேதியை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம், ரகசியமில்லை. கேஸ் புத்தகத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். பேக்அப் என்கிற நகல் ஒன்று ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வெளியே, உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இனி, பெற்றோர்கள் எல்லாருக்கும் வேண்டியது. முகவரியைப் படிப்பது எப்படி? நாம் குர்ஆனை வலமிருந்து இடமாக ஓதுகிறோம். இணைய முகவரியையும் அப்படிப் பாருங்கள். தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு சேர்ந்து வரும், அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டில் நின்று இடப்பக்கமாக வாருங்கள். மத்திய அரசின் உதவித்தொகைத் தளம் 'ஸ்காலர்ஷிப்ஸ் புள்ளி ஜிஓவி புள்ளி இன்'. வலக் கோடியில் 'ஜிஓவி புள்ளி இன்' இருக்கிறது. அது அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். அதே சொற்களையெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் 'புள்ளி காம்' என்றிருந்தால் அரசு அல்ல. காமுக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் சொல்தான் சொந்தக்காரர். அதற்கும் இடப்பக்கம் அவர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், உங்கள் வங்கியின் பெயரைக்கூட.

பூட்டுப் படம் இருக்கிறதே, எச்டிடிபிஎஸ் என்று போட்டிருக்கிறதே என்பார்கள். போகிற வழியில் தகவலை மூன்றாமவர் படிக்க முடியாது, அதற்குத்தான் பூட்டு. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் நல்லவரா என்று பூட்டு சொல்லாது. பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, ஏமாற்றுபவரும் வாங்குகிறார். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடாமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

நம் புதிய முகவரி இந்தத் தடவை அறக்கட்டளையின் பெயரிலேயே 10 ஆண்டுக்குப் பதிவாகியிருக்கிறது. ரசீது பைத்துல்மால் ஃபைலில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். பழைய ரசீதுப் புத்தகங்களில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டோம். நாள்காட்டிகளைத்தான் திரும்ப வாங்க முடியவில்லை. வீட்டில் மாட்டியிருந்தால் கீழே உள்ள முகவரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். சபுரில் இருக்கும் உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள், அவர்களில் பலர் பழையதைத்தான் போனில் சேமித்து வைத்திருக்கிறார்கள்.