கரிநெருப்பருகே ஒரு பசியாறல்



சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவைத் தாண்டி வடக்கே போனால், சிராங்கூன் சாலை அப்பர் சிராங்கூன் சாலையாகிவிடும். அங்கே 'ஹெல்ப்பிங் ஹேண்ட்' என்ற கிறிஸ்தவ மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. 1987இல் தொடங்கியது. போதைப்பழக்கத்தால் சிறைக்குப் போய் வந்தவர்கள் அங்கே தங்கி ஜெபிக்கிறார்கள். மரச்சாமான் வேலை பார்க்கிறார்கள். வீடு மாறுபவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குகிறார்கள்.

இப்படித் தவறி மீண்டவர்களைப் பார்க்கும்போது, இயேசுவின் சீடர் பேதுருவை நினைத்துப் பாருங்கள். இயேசு கைதான இரவில், கரிநெருப்பில் குளிர்காய்ந்தபடியே அவரைத் தெரியாது என்றார், மூன்று முறை. சேவல் கூவியதும் மனம் கசந்து அழுதார். உயிர்த்தெழுந்த இயேசு ஒரு விடியலில் கலிலேயக் கடலோரம் அவரைச் சந்தித்தபோது, அங்கேயும் கரிநெருப்பு; அதன்மேல் மீன். முதலில் பசியாறச் சொன்னார். பிறகுதான் கேள்வி, தம்மேல் அன்பு உண்டா என்று. அதுவும் மூன்று முறை. பழையதைக் குத்திக்காட்டவே இல்லை. தம்மைப் பின்பற்றுவோரின் மந்தையையே பேதுருவின் கையில் ஒப்படைத்தார். தவறிப்போனவரை நம்பிப் பொறுப்புக் கொடுப்பது! மன்னிப்பில் என்னை மிகவும் நெகிழவைப்பது இதுதான்.

சிங்கப்பூரில் 2004இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டமும் சிறையிலிருந்து விடுதலையானவர்களுக்கு இன்னொரு வாய்ப்புத்தான் கேட்கிறது. உங்கள் கடைக்கு ஆள் தேவையா? அவர்களில் ஒருவரையும் நேர்காணலுக்கு அழையுங்கள்.