நடுவர் ஆசனத்தில் யார்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொண்டக்டர் என்றதும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர், மிச்சக் காசு தராமல் பின் கதவுக்குப் போய்விடும் பஸ் கொண்டக்டர்தான். இன்று நான் பேச வந்தது வேறொரு கொண்டக்டரைப் பற்றி. மேலைத்தேய இசையில் எண்பது, தொண்ணூறு வாத்தியக்காரருக்கு முன்னால், கையில் ஒரு சிறு கோலுடன் நிற்பவர். அவர் எந்த வாத்தியத்தையும் வாசிப்பதில்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்தக் குழு ஒன்றாக மூச்சுவிடாது.

இந்த வேலைக்கு இளைஞர்களைத் தெரிவுசெய்யச் சர்வதேசப் போட்டிகள் உண்டு. பிரான்சின் பெசன்சோன் நகரில் 1951 முதல் ஒரு போட்டி நடக்கிறது. கொப்பன்ஹேகனில் நிக்கொலாய் மல்கோவின் பெயரால் 1965 இல் ஒன்று தொடங்கியது. போட்டியாளர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவர்களுக்குப் புள்ளி போடுபவர்கள் யார், எந்தத் தொழிலிலிருந்து வந்தவர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. நான் அதைத்தான் கேட்கப் போகிறேன்.

இத்தகைய போட்டிகளின் நடுவர் குழுவில் பொதுவாக நாலு விதமானவர்களைக் காணலாம். முதலாவது, தாமே பெயர்பெற்ற இசைக்குழு நடத்துநர்கள். கை அசைவு தெளிவா, ஒத்திகை நேரம் வீணாகாமல் போகிறதா, பிழையான சுரம் காதில் விழுந்ததா என்று அவர்கள் பார்ப்பார்கள். இரண்டாவது, இசைக்குழுவிலே வாசிப்பவர்கள் அல்லது வாசித்தவர்கள். இந்தக் கோலை நம்பி நான் என் முதற் சுரத்தைத் தொடங்கலாமா என்பதே அவர்களின் கேள்வி. மூன்றாவது, இசையமைப்பாளர்கள். எழுதியதை எழுதியபடி வாசித்து விளங்கிக்கொண்டாரா என்று அவர்கள் தேடுவார்கள். நாலாவது, இசைக்குழுக்களை நிருவகிப்பவர்கள். அடுத்த பருவத்தில் இவரை அழைத்தால் மண்டபம் நிறையுமா, எங்கள் கலைஞர்கள் இவரோடு ஒத்துப்போவார்களா என்பது அவர்களின் கவலை.

நாலு பேரும் ஒரே இருபது நிமிடத்தைத்தான் பார்க்கிறார்கள். நாலு பேரும் பார்ப்பது ஒன்றல்ல. அதனாலேதான் நாலு பேரும் வேண்டும். நடத்துநர்கள் மட்டும் இருந்தால் தங்களைப் போன்ற ஒருவரைத் தேடுவார்கள். நிருவாகிகள் மட்டும் இருந்தால் விற்கக்கூடிய ஒருவரைத் தேடுவார்கள். பல போட்டிகளில், வாசித்த குழுவினரே தனியாக ஒரு பரிசும் கொடுப்பதுண்டு. நடுவர்களின் முதற் பரிசும் குழுவினரின் பரிசும் எப்போதும் ஒருவருக்கே போவதில்லை.

நடுவர் ஆசனத்தால் ஒரு வாழ்க்கை மாறுவதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். யப்பானைச் சேர்ந்த செய்ஜி ஒசாவா பியானோ படித்தவர். ரக்பி விளையாட்டில் விரல்கள் காயப்பட்டதால் பியானோவை விட்டு இசைக்குழு நடத்துதலுக்கு வந்தார். 1959 இல் பெசன்சோனில் முதலிடம் பெற்றார். அந்த வெற்றியின் பின், பொஸ்டன் இசைக்குழுவின் இயக்குநராக அப்போது இருந்த சார்ள்ஸ் மூன்ச் அவரை அமெரிக்காவுக்கு அழைத்தார். மூன்சும் தொடக்கத்தில் நடத்துநர் அல்லர். லைப்சிக் நகரின் புகழ்பெற்ற இசைக்குழுவில் முதல் வயலின்காரராக இருந்துவிட்டு, நாற்பது வயதுக்குப் பிறகுதான் கோலை எடுத்தவர். அவரைப் போலவே வேறு வாத்தியத்திலிருந்து வந்த ஒசாவா, பின்னர் அதே பொஸ்டன் குழுவை 1973 முதல் 2002 வரை வழிநடத்தினார்.

இனி எங்களுக்கு நெருக்கமான பக்கத்துக்கு வருகிறேன். பிரான்சைச் சேர்ந்த கிளேர் ஜிபோ என்ற அம்மையார், பெரும் இசை மேதை கிளோடியோ அபாடோவுக்கு உதவியாளராக இருந்தவர். 2004 முதல் 2009 வரை ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். மெக்சிக்கோவில் நடந்த ஒரு போட்டியில் நடுவர்களுள் அவர் ஒருவரே பெண். அங்கே சக நடுவர் ஒருவர், பெண்களின் கைகள் குழந்தையைத் தூக்குவதற்காக வெளிப்புறம் திரும்பி அமைந்தவை, ஆகவே இயற்கையாகவே அவர்களால் இசைக்குழு நடத்த முடியாது என்று சொன்னாராம். ஜிபோ இதைப் பின்னர் வெளிப்படையாகவே பத்திரிகைகளுக்குச் சொன்னார்.

சகோதரிகளே, சிரிக்கிறீர்கள். ஆனால் அன்று போட்டிக்கு வந்த பெண்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவள் என்ன நடத்தினாலும், அந்த ஒரு நடுவரின் தாளில் விடை முன்பே எழுதப்பட்டுவிட்டது.

இசைக்குழுவில் வாத்தியம் வாசிக்க வருவோரைத் திரைக்குப் பின்னால் இருத்திச் சோதிக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1970களில் பரவியது. ஆணா பெண்ணா, எந்த நிறம் என்று தெரியாமல் ஒலியை மட்டும் கேட்கலாம். நடத்துநருக்கு அந்தத் திரை உதவாது. அவருடைய உடம்பே அவரது வாத்தியம். ஆகவே அவரைக் காப்பாற்றக்கூடியது நடுவர் குழுவின் அமைப்பு ஒன்றுதான்.

ஜிபோ அதைச் சொன்னதோடு நிற்கவில்லை. பாரிஸின் பெரும் இசை மண்டபமான பில்ஹார்மனியுடன் சேர்ந்து, பெண் நடத்துநர்களுக்கென்றே 'லா மயெஸ்ட்ரா' என்ற போட்டியைத் தொடங்கினார். முதற் போட்டி கொரோனாவால் தள்ளிப்போய் 2020 செப்டெம்பரில் நடந்தது. 200 க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பெண் நடத்துநர்கள் இல்லையே, எங்கே போய்த் தேடுவது என்று கேட்டவர்களுக்கு அந்த எண்ணிக்கையே பதில். முதற் பரிசு இந்தோனேசியாவின் ரெபெக்கா டொங் என்பவருக்குக் கிடைத்தது. பரிசோடு கைகழுவாமல், தெரிவானவர்களுக்குத் தொடர்ந்து வழிகாட்டலும் கொடுக்கிறார்கள்.

இதை இங்கே ஏன் சொல்கிறேன்? ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் இசைப் போட்டிக்கு நானும் நடுவராகப் போனேன். மூன்று நடுவர்கள். மூவரும் ஒரே ஆசிரியையிடம் வயலின் படித்தவர்கள். ஒரு பிள்ளை வில்லைப் பிடித்த விதம் எங்களுக்குப் பிழையாகத் தெரிந்தது. மூவரும் ஒரே இடத்தில் புள்ளியைக் குறைத்தோம். மூவரும் ஒத்துப்போனதால் நியாயமாகத் தீர்த்தோம் என்ற திருப்தியோடு வீடு திரும்பினேன். அந்தப் பிடி ரஷ்ய முறையைச் சேர்ந்தது, பெரிய மேதைகள் பிடித்த பிடி என்று பிறகுதான் படித்து அறிந்தேன். அந்தப் பிள்ளையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. தாளில் இலக்கம் மட்டுமே இருந்தது.

எங்களிடம் பாரபட்சம் இருக்கவில்லை. மூன்று பேர் இருந்தோம், ஆனால் பார்த்தது ஒரு சோடிக் கண்.

இந்த நூற்றாண்டு ஆண்டில் எங்கள் சங்கம் புலமைப்பரிசிலும் போட்டிகளும் வைக்கப்போகிறது. ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, ஒவ்வொரு நடுவர் குழுவிலும் அந்தக் கலையைச் செய்பவர், கற்பிப்பவர், வேறு தொழிலிலிருந்து வந்து கேட்கத் தெரிந்தவர் என்று கலந்து இருத்துங்கள். இரண்டு, நடுவரின் தொழிலையும் படிப்பையும் நிகழ்ச்சி நிரலிலே அச்சிடுங்கள். தன் சொந்த மாணவி மேடையேறும்போது நடுவர் பேனையைக் கீழே வைக்கட்டும். மூன்று, தோற்ற பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். காரணம் எழுத வேண்டும் என்றால் நடுவரும் இரண்டு தரம் யோசிப்பார்.

இங்கே டொக்டர்களும் கணக்காளர்களும் ஆசிரியைகளும் தாதிகளும் வீட்டை நடத்தும் அம்மாமாரும் இருக்கிறீர்கள். அழைப்பு வரும்போது, "ஐயோ, எனக்கு என்ன தெரியும்" என்று பின்வாங்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது மற்ற இருவருக்கும் தெரியாததாக இருக்கலாம். நாங்கள் விட்டுப்போகும் கதிரை வெறுமையாக இருப்பதில்லை. அதில் வேறொருவர் வந்து இருப்பார். அவர் கைகளைப் பற்றி என்ன நினைக்கிறாரோ, யாருக்குத் தெரியும்?

எங்கள் கல்லூரித் தாய் இன்னுமொரு நூறாண்டு வாழ்க.