மணலில் நட்டால் கரும்பு சீக்கிரம் வளருமா?

மைன்கிராஃப்ட் விளையாடுற கூட்டத்துல கரும்பு பத்திப் பேச்செடுங்க, யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்வாங்க: "மண்ணுல நடாதே, மணல்ல நடு, வேகமா வளரும்." பல வருஷமா சுத்திக்கிட்டு இருக்கிற நம்பிக்கை இது. இன்னிக்கு இந்த ஒண்ணை மட்டும் சோதிச்சுப் பார்ப்போம்.

கரும்புக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னா, கரும்பு இல்லாம காகிதம் இல்ல. என்சான்டிங் டேபிளோட முழு சக்தியும் கிடைக்க 15 புத்தக அலமாரி வேணும். அலமாரிக்கு 3 புத்தகம், புத்தகத்துக்கு 3 காகிதம். ஆக 135 கரும்பு. எலிட்ரா மாட்டிக்கிட்டுப் பறக்கிறவங்களுக்கு ராக்கெட் செய்யவும் காகிதம்தான். ஒரு நேயர் எழுதியிருக்கார்: அவங்க சர்வர்ல பசங்க எல்லாம் சேர்ந்து, நல்லா விளைஞ்சுக்கிட்டு இருக்கிற மண் பண்ணையைத் தோண்டிட்டு, பாலைவனத்துல இருந்து பெட்டி பெட்டியா மணல் கொண்டுவந்து நிரப்பப் போறாங்களாம். சனிக்கிழமை வேலை ஆரம்பம். அதுக்குள்ள பதில் வேணுமாம்.

முதல்ல கரும்பு எப்படி வளருதுன்னு பார்க்கணும். நான் ஜாவா எடிஷனை வச்சுச் சொல்றேன். கேம் நொடிக்கு 20 தடவை துடிக்கும். அந்தத் துடிப்புக்குப் பேர்தான் டிக். உலகம் முழுக்க நீளம், அகலம், உயரம் மூணும் 16 பிளாக் இருக்கிற பெட்டிகளா பிரிஞ்சு கிடக்கு. ஒரு பெட்டிக்குள்ள 4096 பிளாக். ஒவ்வொரு டிக்கிலும் அதுல 3 பிளாக்கை குலுக்கல் முறையில எடுக்கும். சீட்டு கரும்போட நுனி மேல விழுந்தா அதுக்கு வயசு ஒண்ணு கூடும். 16 தடவை விழுந்தா கரும்பு ஒரு பிளாக் உயரும். ஒரு பிளாக் மேல சீட்டு விழ சராசரியா 68 நொடி ஆகும். அதை 16-ஆல பெருக்கினா சுமார் 18 நிமிஷம்.

இந்தக் கணக்குல அடியில இருக்கிறது மணலா மண்ணாங்கிற கேள்வியே வரலை, கவனிச்சீங்களா? கரும்பு அங்க நிக்கலாமா கூடாதான்னு முடிவு பண்ணத்தான் நிலத்தையும் பக்கத்துத் தண்ணியையும் கேம் பார்க்கும். வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

அப்புறம் எப்படி இத்தனை பேர் "நான் கண்ணால பார்த்தேன்"னு சொல்றாங்க? அவங்க பொய் சொல்லலை. 18 நிமிஷம்கிறது சராசரிதான். குலுக்கல் ஆச்சே, ஒரு கரும்புக்கு அது நாலரை நிமிஷம் முன்ன பின்ன ஆகிறது சர்வ சாதாரணம். பக்கத்துப் பக்கத்துல நட்ட ரெண்டுல ஒண்ணு 14 நிமிஷத்துல வளரும், இன்னொண்ணு 22 நிமிஷம் எடுத்துக்கும். மணல்ல நட்டது ஜெயிச்சா ஸ்கிரீன்ஷாட் வரும். மண்ணுல நட்டது ஜெயிச்சா யாரும் வாயைத் திறக்கிறதில்ல.

அதனால சோதனைக்கு ரெண்டு கரும்பு பத்தாது. கிரியேட்டிவ் மோடுல தட்டையான உலகம் ஒண்ணு எடுத்து, நேரா ஒரு கால்வாய் வெட்டுங்க. ஒரு கரையில மணல், எதிர்க்கரையில மண், கரைக்கு 100 கரும்பு. நூறு வச்சா ஒரு கரையோட சராசரி ஒரு நிமிஷத்துக்கு மேல ஆடுறது அபூர்வம். மணலால நிஜமாவே பெரிய லாபம் இருந்தா அது மறைஞ்சிருக்க முடியாது. நீங்க நடுவுல நிக்கணும், இது முக்கியம். உங்ககிட்ட இருந்து ரொம்பத் தூரம் தள்ளி இருந்தா குலுக்கலே நடக்காம போகலாம். ஒரு பண்ணை வீட்டுக்குப் பக்கத்துலயும் இன்னொண்ணு தூரத்துப் பாலைவன ஓரத்துலயும் இருந்தா அந்த ஒப்பீடு எதுக்கும் உதவாது. காத்திருக்கப் பொறுமை இல்லேன்னா ரேண்டம் டிக் ஸ்பீடை 3-ல இருந்து 30 ஆக்குங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஆளுக்குப் பாதி வளர்ந்திருக்கும். நிறுத்தி எண்ணுங்க. அப்புறம் கரையை மாத்தி மறுபடி நடுங்க. நான் செஞ்சப்ப ஒரு தடவை மணல் கொஞ்சம் முந்திச்சு, அடுத்த தடவை மண். அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கை சாகாததுக்கு இன்னொரு காரணம் கோதுமை. கோதுமைக்கு நிலம் நிஜமாவே முக்கியம். ஈரமான வயல்ல வேகமா வளரும், ஒரே பயிரை அடைச்சு நடாம வரிசை மாத்தி நட்டா இன்னும் வேகம். கேட்கும்போது இதுதான் கட்டுக்கதை மாதிரி இருக்கு, ஆனா உண்மை. அந்த அனுபவத்தை ஆளுங்க கரும்பு மேலயும் ஏத்திட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது. போதாக்குறைக்கு பெட்ராக் எடிஷன். அங்க எலும்புத்தூள் போட்டா கரும்பு உடனே முழு உயரம் எழும்பும். ஜாவால அது வேலையே செய்யாது. எந்த எடிஷன்னு சொல்லாம போடுற வீடியோவால வர்ற குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்ல.

கேள்வி கேட்ட நேயருக்கு: பண்ணையைத் தோண்ட விடாதீங்க. மணல் அள்ளப் போற அதே சனிக்கிழமை, அதே ஆளுங்களை வச்சுக் கால்வாயை நீட்டி இன்னும் ரெண்டு வரிசை நடச் சொல்லுங்க. கைவசம் இருக்கிற மண்ணே போதும்.