சூத்திரதாரியும் சித்திரக்காரனும்

கணிப்பொறியில் விளையாடுவதை ஒரு கலையென்று ஒப்புக்கொள்ள இன்னும் மனமில்லாதவர்கள் நம்மிடையே உண்டு. அப்படியிருக்க, அந்த விளையாட்டுக்கென்று அமைத்த கணிப்பொறியின் கிராபிக்ஸ் கார்டையும் பிராசசரையும் எப்போது மாற்றுவது என்று நிர்ணயிப்பதில் ஒரு கலை இருக்கிறது என்று நான் சொல்லப் புகுந்தால், நேயர்களில் சிலர் வானொலியின் காதைத் திருகி வேறு நிலையத்துக்குப் போய்விடக்கூடும். ஆயினும், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பெரும் பங்கை, சில சமயம் முழுவதையுமே, விழுங்கிவிடக்கூடிய இந்தச் செலவை, விளம்பரத்தின் ஆரவாரத்துக்கும் நண்பர்களின் தூண்டுதலுக்கும் செவிசாய்க்காமல், தன் யந்திரத்தின் லக்ஷணத்தைத் தானே பரீட்சித்து அறிந்து, காலம் பார்த்துச் செய்கிறவனுடைய விவேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த விவேகம் எதில் அடங்கியிருக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போது பெட்டிக்குள்ளே நிகழ்வது இதுதான். பகைவன் எந்தத் திசையில் ஓடுகிறான், எறிந்த கல் எங்கே போய் விழும், நகரத்தின் குடிகளெல்லாம் இக்கணத்தில் எங்கெங்கே நடமாடுகிறார்கள் என்று கணித்து, இன்னதை இன்ன இடத்தில் வரை என்று ஆணையிடுகிற சூத்திரதாரி பிராசசர். அந்த ஆணையை ஏற்று, ஒளியும் நிழலும் வர்ணமும் சேர்த்துத் திரையின் ஒவ்வொரு புள்ளியையும் தீட்டுகிற சித்திரக்காரன் கிராபிக்ஸ் கார்டு. விநாடிக்கு 60 சித்திரங்கள் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற அவகாசம் 16.7 மில்லிவிநாடி, 144 வேண்டுமென்றால் 7 மில்லிவிநாடிக்கும் குறைவு. இருவரில் எவர் அந்த அவகாசத்தைத் தாண்டினாலும் மற்றவர் கைகட்டிக் காத்து நிற்கவேண்டியதுதான். ஆகவே, "என் கணிப்பொறி மெதுவாகிவிட்டது" என்று முறையிடுகிறவனிடம் முதலில் கேட்கவேண்டியது, அங்கே யாருக்காக யார் காத்திருக்கிறார் என்பதே. இதைக் கேளாமல் கடைக்கு ஓடி, புதுக் கார்டை வாங்கிவந்து பொருத்திய பிறகும் விளையாட்டு முன்போலவே தத்தளிப்பதைக் கண்டு திகைத்து நிற்கும் இளைஞர்கள் அநேகர்.

பரீட்சை எளிது, செலவும் இல்லை. பிரேம் என்னும் அந்தச் சித்திரங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுகிற வி-சிங்க் முதலியவற்றை நிறுத்திவிட்டு, வழக்கமாக ஆடுகிற விளையாட்டில் வழக்கமாகத் திணறுகிற இடத்துக்கே போய் நின்று, ரெசல்யூஷனை 1920-க்கு 1080 என்பதிலிருந்து 1280-க்கு 720 ஆகக் குறைத்துப் பார்க்கவேண்டும். தீட்டவேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடுகின்றன. சித்திரக்காரனுடைய பாரம் இவ்வளவு குறைந்தும் பிரேம் எண்ணிக்கை இருந்த இடத்திலேயே இருக்குமானால், தாமதம் சூத்திரதாரியிடம் இருக்கிறது. மளமளவென்று உயருமானால், கார்டுதான் மூச்சு வாங்குகிறது. ஆஃப்டர்பர்னர் போன்ற இலவசக் கருவிகள் காட்டும் கார்டின் உபயோக அளவு 95 சதவிகிதத்துக்கு மேலேயே நின்றாலும் இதே முடிவுதான். ஆனால் பிராசசரின் உபயோக சதவிகிதத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. எட்டுக் கோர்கள் உள்ள பிராசசரில் ஒரே ஒரு கோர் சக்திக்கு மேல் உழைத்துக்கொண்டிருக்க, மற்றவை பெரும்பாலும் சும்மா இருந்தால், மொத்தக் கணக்கு 20, 30 சதவிகிதமென்றே காட்டும். விளையாட்டோ அந்த ஒரு கோரின் வேகத்திலேயே நகரும்.

சராசரி எண்ணும் இப்படித்தான் வஞ்சகம் செய்யும். ஒரு விநாடியில் 50 சித்திரங்கள் தலா 10 மில்லிவிநாடியில் வந்து, ஐம்பத்தோராவது சித்திரம் மட்டும் 500 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டதென்று வையுங்கள். கணக்கு விநாடிக்கு 51 என்று பெருமையாகச் சொல்லும். கண்ணோ அரை விநாடி உறைந்துபோன திரையைக் காணும். 2011-ஆம் ஆண்டில் டெக் ரிப்போர்ட் என்னும் அமெரிக்க ஏட்டில் ஸ்காட் வாஸன் என்பவர், விநாடிக்கு எத்தனை என்று எண்ணுவதை விட்டு, ஒவ்வொரு பிரேமும் எத்தனை மில்லிவிநாடி எடுத்துக்கொண்டது என்று அளந்து காட்டியதிலிருந்து இத்துறையின் விமர்சன முறையே மாறிற்று. இன்று விமர்சகர்கள் சராசரியோடு கூட மிக மெதுவாக வந்த ஒரு சதவிகிதப் பிரேம்களின் வேகத்தை 'ஒரு சதவிகித லோ' என்று தருவது அந்த வழியில் வந்ததே. பழைய பிராசசரின் நோய் சராசரியில் தெரியாமல் இந்த இரண்டாவது எண்ணில்தான் முதலில் தலைகாட்டும்.

நோய் இன்னதென்று தெரிந்த பிறகும் உடனே பணப்பையைத் திறக்கவேண்டியதில்லை. நம் நாட்டுச் சித்திரை வைகாசி வெயிலில், மேஜையின் அடியறையில் காற்றோட்டமில்லாமல் அடைபட்டு, தூசி மண்டிய விசிறியோடு உழைக்கும் பிராசசர், வெப்பம் எல்லை மீறும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு ரேம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டுகிறவர்களும், வேகமான ரேம் வாங்கியும் பயாஸில் எக்ஸ்எம்பி என்பதை இயக்காமலே வருஷக்கணக்காக மெதுவாக ஓட்டுகிறவர்களும் எத்தனையோ பேர். இவற்றைச் சரிசெய்த பிறகும் குறை நின்றால் மேலே யோசிக்கலாம்.

மேலே யோசிக்கிறபோது, மறந்துவிடாமல் பார்க்கவேண்டியது மானிட்டரை. 3840-க்கு 2160 என்ற திரை, 1920-க்கு 1080 திரையைப்போல் நான்கு பங்கு புள்ளிகள் கொண்டது. ஏறக்குறைய 83 லட்சம். சித்திரக்காரனுக்கு வேலை அத்தனை பெருகும். சூத்திரதாரிக்கோ பகைவன் ஓடுகிற கணக்கு சிறு திரையானாலும் பெருந்திரையானாலும் ஒன்றேதான். ஆகையால் பெரிய திரை வாங்குகிறவன் கார்டுக்கும், அதே அளவுத் திரையில் 240 ஹெர்ட்ஸ் வேகம் விரும்புகிறவன் பிராசசருக்கும் சேமித்து வைக்கவேண்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு விநாடிக்கு 150 சித்திரங்கள் தீட்டும் கார்டைத் தேடுவதில் என்ன பிரயோஜனம் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி, இவ்விரண்டு அங்கங்களையும் மாற்றுவது ஒரே தன்மையான காரியமன்று என்பதைச் சொல்லவேண்டும். இந்தப் பேச்சில் நான் முக்கியமாகக் கருதுவதும் இதுதான். கார்டின் களைப்புக்குச் சமாதானம் உண்டு. நிழலின் நுட்பத்தை ஒரு படி இறக்கலாம், பிரதிபலிப்பை நிறுத்தலாம், குறைந்த புள்ளிகளில் தீட்டி அதைப் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்னும் உபாயங்களை நாடலாம். டிஎல்எஸ்எஸ்ஸுக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வகைக் கார்டே வேண்டும். ஏஎம்டி நிறுவனம் 2021-இல் வெளியிட்ட எஃப்எஸ்ஆரோ, போட்டியாளரான என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் 1060-க்குக்கூட ஆயுளை நீட்டித்துத் தந்தது. பிராசசரின் களைப்புக்கு இத்தகைய மருந்து அநேகமாக இல்லை. செட்டிங்ஸ் முழுவதையும் அடிமட்டத்துக்கு இறக்கினாலும், நகரத்தின் குடிகள் நடந்துதானே தீரவேண்டும்? கார்டு ஒரு திருகாணியோடு கழன்று வந்துவிடும். பிராசசரோ பெரும்பாலும் மதர்போர்டையும் ரேமையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும்.

கார்டை மாற்றவேண்டிய காலம் இரண்டு விதமாக வரும். ஒன்று, வேகம் போதாமை. மற்றொன்று, அங்கம் இல்லாமை. 2017 மார்ச்சில் 699 டாலர் விலையில் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ என்ற கார்டு இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம். அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஆர்டிஎக்ஸ் 2080, பழைய விளையாட்டுகளில் அதை விடச் சொல்லத்தக்க அளவு வேகமாக இருக்கவில்லை. நினைவகத்திலோ முந்தையதற்கு 11 ஜிபி, பிந்தியதற்கு 8. அப்போது மாற்றியவர்களை விட மாற்றாதவர்களே புத்திசாலிகள் என்று பேசப்பட்டது. நெடுநாள் அதுவே உண்மையாகவும் இருந்தது. ஆனால் 2023-இல் வந்த ஆலன் வேக் 2, மெஷ் ஷேடர் என்ற வசதி இல்லாத அந்தக் கார்டை மிகவும் திணற வைத்தது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டோ, ரே டிரேசிங் அங்கமில்லாத கார்டுகளுக்குக் கதவையே சாத்திவிட்டது. வேகம் இருந்தும் உறுப்பு இல்லாமையால் வந்த முதுமை இது. இதற்குச் செட்டிங்ஸில் பரிகாரம் கிடையாது.

நினைவகத்தின் கதை இதற்கு நேர்மாறானது. 2016-இல் ஜிடிஎக்ஸ் 1070-க்கு 8 ஜிபி. 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3070-க்கும் 8. 2023-இல் 4060-க்கும் 8. 2025-இல் 5060-க்கும் 8. இதனிடையே 16 ஜிபி நினைவகத்தோடு 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 என்ற கன்சோல் வந்து, விளையாட்டுகளைப் படைப்போர் அதன் அளவுக்கே துணி வெட்டத் தொடங்கிவிட்டபடியால், வேகத்தில் குறையாத கார்டும் நினைவகம் நிரம்பி இடறுவதை 2023 முதல் பரவலாகக் காண்கிறோம். டெக்ஸ்சர் என்னும் மேற்பூச்சின் தரத்தை ஒரு படி இறக்கிச் சிலகாலம் ஓட்டலாம்; ஆனால் இன்று புதிதாக வாங்குகிறவன் விலையை அடுத்து நோக்கவேண்டியது இந்த எண்ணையே.

சந்தையின் காலமும் உண்டு. 2020 செப்டம்பரில் 699 டாலரென்று அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3080, பெருந்தொற்றுக் காலத் தட்டுப்பாட்டாலும், எதீரியம் என்னும் மின்னணு நாணயத்தைத் தோண்டியெடுக்கக் கார்டுகளை மூட்டைகட்டி வாங்கியவர்களாலும், அடுத்த ஆண்டு அதன் இருமடங்குக்கு விற்றது. 2022 செப்டம்பர் 15-இல் எதீரியம் அந்த முறையையே கைவிட்டது; தோண்டியவர்களின் கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து குவிந்தன. அவசியமில்லாதவர்கள் அந்த இரண்டு வருஷம் பொறுத்திருந்தார்கள், பிழைத்தார்கள். அவசியம் இருந்தவர்களைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிராசசருக்கு வருவோம். 2011 ஜனவரியில் வந்த இன்டெல் ஐ5 2500கே, நான்கே கோர்களோடு பல ஆண்டுகள் சலிக்காமல் உழைத்த பெருமை உடையது. அதன் ரகசியம் அதன் திறமையில் பாதிதான் இருந்தது. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இன் பிராசசர், எட்டுக் கோர்கள் இருந்தும் 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடிய மெலிந்த பிராணி என்பதும், உலகத்து விளையாட்டுகளெல்லாம் அதன் சக்திக்குள் அடங்கவேண்டியிருந்தது என்பதும் மற்றப் பாதி. பிளேஸ்டேஷன் 5 மேஜைக் கணிப்பொறிக்கு நிகரான எட்டுக் கோர்களோடு வந்து, பழைய யந்திரத்துக்கான படைப்புகள் மெல்ல நின்றபோது, நான்கு கோர் பிராசசர்களின் காலமும் முடிந்தது. ஆகவே பிராசசரின் முதுமையைக் கணிக்க விரும்புகிறவன், இன்டெல் ஆண்டுதோறும் வெளியிடும் புதுப் பெயர்களைப் பார்ப்பதை விட, ஏழு ஆண்டுகளுக்கொருமுறை மாறும் இந்தக் கன்சோல்களைப் பார்ப்பது நலம். அதுவன்றி, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு நின்றதும், விண்டோஸ் 11 ஏழாந்தலைமுறை இன்டெல் பிராசசர்களில் அநேகமாக எல்லாவற்றையும் ஏஎம்டியின் முதல் ரைசன்களையும் அங்கீகரியாததும் வேறொரு வகை நிர்ப்பந்தம்.

எந்த மதர்போர்டு வாங்குகிறோம் என்பதிலேயே பிற்கால மாற்றத்தின் பாதி தீர்மானமாகிவிடுகிறது. 2017 ஜனவரியில் இன்டெல்லின் இசட்270 போர்டு வாங்கியவன், அதே ஆண்டு அக்டோபரில் வந்த எட்டாந்தலைமுறைப் பிராசசரை, சாக்கெட்டின் வடிவம் ஒன்றாகவே இருந்தும், அதில் பொருத்தமுடியவில்லை. அதே ஆண்டில் ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு வாங்கியவனுக்கோ, நிறுவனம் முதலில் மறுத்து, வாடிக்கையாளர் எழுப்பிய கூக்குரலால் படிப்படியாக இணங்கியதன் பயனாக, 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் பழைய போர்டிலும் பழைய ரேமோடும் பொருத்திக்கொள்ளும் பாக்கியம் பல போர்டுகளில் கிட்டிற்று. 96 எம்பி கேஷ் நினைவகத்தைச் சூத்திரதாரியின் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கி வைத்திருக்கிற அந்தப் பிராசசர், குடிகளும் படைகளும் மிகுந்த விளையாட்டுகளில் செய்த உபகாரம் பிரசித்தம். இதே சாக்கெட்டுக்கு 2024 ஜனவரியிலும் 5700எக்ஸ்3டி என்று ஒன்று வந்தது. இத்தகைய போர்டு உள்ளவர்கள், பரீட்சையில் குறை சூத்திரதாரியிடம் என்று தெரிந்தால், புதிய ஏஎம்5 போர்டும் டிடிஆர்5 ரேமும் வாங்கப் புறப்படுமுன் இந்த வழியை விசாரிக்கவேண்டும். ஒரு காரியத்தை மட்டும் முறை பிறழாமல் செய்யவேண்டும்: புதிய பிராசசரைப் போர்டு அடையாளம் கண்டுகொள்ளும்படி பயாஸைப் புதுப்பிப்பதை, பழைய பிராசசர் அதன் இடத்தில் இருக்கும்போதே, மின்சாரம் தடைப்படாத வேளையில் முடித்துவிடவேண்டும். பழையதைக் கழற்றி விற்றுவிட்டுப் பிறகு பயாஸை நினைத்துக்கொள்கிறவன், அதைப் புதுப்பிப்பதற்கென்றே யாரிடமாவது ஒரு பழைய பிராசசரை இரவல் கேட்டு அலையவேண்டியிருக்கும்.