கைப்பட்டை காட்டாத அழுத்தம்



நான் மருத்துவன் அல்லன். வரலாறு பயின்று ஆசிரியப் பணிக்கு வந்தவன். எனினும் இதயத்தைப் பற்றிப் பேச எனக்கொரு காரணம் உண்டு. என் அன்னையார் நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்தவர். பிற்காலத்தில் பத்தடி நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்கும். மாலையில் இரு கால்களும் வீங்கிவிடும். கையில் பட்டையைச் சுற்றி அளந்தவர்கள், "இரத்த அழுத்தம் சரியாகவே உள்ளது, முதுமைதான்" என்று சொல்லி அனுப்பினர். அவர்கள் சொன்ன எண் பொய்யன்று. ஆனால் அந்தப் பட்டைக்கு எட்டாத வேறோர் அழுத்தமும் உடலில் உண்டு என்பதை நான் மிகப் பிந்தியே அறிந்தேன்.

இதயம் ஒன்றாகத் தோன்றினும் அது செய்வது இரண்டு பம்புகளின் வேலை. இடப்பக்கம் உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. வலப்பக்கம் திரும்பிவரும் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. ஓய்வில் இரண்டும் தள்ளுவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர். அளவு ஒன்றே, உழைப்புதான் வேறு. இடக் கீழறை 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தள்ளும்போது வலக் கீழறைக்கு ஏறத்தாழ 25 போதுமானது. நுரையீரலின் குழாய்கள் நெகிழ்ந்து வழிவிடுபவை. ஆதலின் வலக் கீழறையின் சுவரும் மெல்லியது.

அவ்வழி குறுகினால் என்னாகும்? புகையால் நுரையீரல் பழுதுற்று, உயிர்வளி குறைந்தால், அங்குள்ள சிறு குழாய்கள் சுருங்குகின்றன. உடலின் பிற பகுதிகளில் உயிர்வளி குறைந்தால் குழாய்கள் விரியும். நுரையீரலின் இயல்போ நேர்மாறு. கல் உடைப்போரின் மூச்சில் ஏறும் கல்தூசி, நுரையீரலில் அடைத்துக்கொள்ளும் இரத்தக் கட்டி, சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலால் சுருங்கிய இடப்பக்க வால்வு ஆகியவையும் அழுத்தத்தை ஏற்றும். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20-ஐக் கடந்தாலே அது மிகை என்று 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய மருத்துவ நெறிமுறை வகுத்தது.

வலக் கீழறை உடனே ஓய்ந்துவிடுவதில்லை. சுமை ஏற ஏறத் தன் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு ஈடுகொடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இதுவே இந்நோயின் கொடுமை. பின்னர் அது தளர்ந்து விரிகிறது. விரிந்த அறை நடுச்சுவரை இடப்புறம் தள்ளுவதால் இடக் கீழறையும் சரிவர நிரம்புவதில்லை. விரைந்து நடக்கையில் மயக்கம் வருவது இதனாற்றான். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு முற்றும் மூடாமல் இரத்தம் பின்னோக்கி ஒழுகுகிறது. கழுத்துச் சிரை புடைக்கிறது, கல்லீரல் வீங்குகிறது, கால்களில் நீர் கோக்கிறது. என் அன்னையாரின் காலில் நாங்கள் கண்டது இதயத்தின் களைப்பையே.

இவ்வழுத்தத்தை நேரே அளக்க மெல்லிய குழாயொன்றை இதயத்தினுள் செலுத்த வேண்டும். 1929இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் ஜெர்மானிய இளம் மருத்துவர் தம் கைச் சிரை வழியே தம் இதயத்திற்குள்ளேயே குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே படமும் எடுத்துக்கொண்டார். பாராட்டுக்கு மாறாகக் கண்டனமே வந்தது. 1956இல் வேறிருவருடன் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

முதல் ஐயத்தைத் தீர்க்க இன்று எக்கோ பரிசோதனை போதும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. காரணம் தெரிந்தால் வழியும் உண்டு: சுருங்கிய வால்வைப் பலூனால் விரிக்கலாம், கட்டிகள் சிலவற்றை அறுவையால் அகற்றலாம், உயிர்வளி குறைந்தோருக்கு அதனை அளிக்கலாம். வீட்டில் ஒருவருக்கு மூச்சிரைப்பும் கால் வீக்கமும் சேர்ந்து கண்டால், கைப்பட்டையின் எண்ணோடு நில்லாமல், எக்கோ தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். என் அன்னையாருக்கு அதனை எடுத்தது, அவர் மறைவதற்கு மூன்று திங்கள் முன்புதான்.